100 வாங்கினால் 12 தான் வருகிறதா?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் (Mbps) இணைய இணைப்பு போட்டிருக்கிறோம். ஃபைல் இறக்கும்போது 11, 12-க்கு மேல் காட்டுவதில்லை, உள் அறையில் அதுவும் கிடையாது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லைங்க. பில்லில் இருக்கும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட், இறக்கும்போது திரையில் ஓடுவது நொடிக்கு இத்தனை மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட், அதனால் 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, வழியில் கொஞ்சம் போக நீங்கள் பார்க்கிற 11, 12 சரியான கணக்குதான்.

உள் அறை விஷயம் வேறு. உங்கள் ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர்கள் தெரிந்தால், கடைசியில் 5ஜி என்று இருப்பது மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பக்கத்தில் உட்கார்ந்தால் பறக்கும், ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். இன்னொரு பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதில் வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டி வரும். உள் அறையில் அதில் இணைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ரவுட்டரைக் கூடத்தில், உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இரும்பு பீரோ பக்கத்திலிருந்து நகர்த்தினதுமே சமையலறை வரை சிக்னல் வந்துவிட்டது. அப்புறமும் சந்தேகம் என்றால் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை (இணைய வயர்) லேப்டாப்பில் நேராகச் செருகி வேகம் பாருங்கள், அதிலும் குறைந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள்.