பழைய புல்வெளி டிராக்டரை விடுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் புல்வெளி. அதில் ஒரு பக்கம் சரிவு. 18 வருஷமாக ஒரே டிராக்டர்தான் புல் வெட்டுகிறது. இப்போது ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது. அரை மணி நேரம் ஓடிவிட்டால் சரிவில் ஏற மறுக்கிறது. அடியில் பிளேடை மூடியிருக்கும் இரும்பு டெக்கில் துருப்பிடித்து ஒரு ஓட்டையும் விழுந்துவிட்டது. சர்வீஸ் கடையில், "இதில் இனி காசு போடாதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். என் கணவருக்கு முதுகு வலி, தள்ளிக்கொண்டு போகும் மெஷின் சரிப்படாது. கையில் இருக்கும் பணம் புதிய டிராக்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். தவணையில் புதிது வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் தேடலாமா, இதையே சரி செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, தவணையில் புதிது வாங்கும் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். மற்ற இரண்டில் எது என்பதை உங்கள் டிராக்டர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதன் வயதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நாம் அதன் உடம்பைப் பார்த்து முடிவெடுப்போம்.

18 வருஷம் என்றதும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் வாரம் ஒரு மணி நேரம், வருஷத்தில் ஆறு மாதம் ஓடியிருந்தால் மொத்தம் 470 மணி நேரம்தான் ஆகிறது. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு இது சாகிற வயது இல்லை. நீங்கள் சொன்ன புகை, சரிவு, ஓட்டை மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகளும் அல்ல. இன்ஜின், அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷன், டெக் என்று மூன்று தனித்தனிப் பாகங்களின் பிரச்சினைகள் அவை. மூன்றும் சேர்ந்து வந்ததால்தான் வண்டியே முடிந்துவிட்டது போலத் தெரிகிறது.

புகையிலிருந்து ஆரம்பிப்போம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் மட்டும் வந்து நின்றுவிடுகிறதா? அப்படியானால் வண்டி நிற்கும்போது வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாகக் கொஞ்சம் ஆயில் கசிந்து உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம். அதோடு பல வருஷம் ஓட்டலாம். ஓடும் நேரமெல்லாம் புகைகிறது, ஆயிலும் வேகமாகக் குறைகிறது என்றால் விஷயம் வேறு. அப்போதும் உடனே பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் உட்பக்கமாகக் கிழிந்து, எரியும் வாயு இன்ஜினின் ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அந்த அழுத்தத்தில் ஆயில், காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக மேலேறிப் புகைவது அடிக்கடி நடக்கும் சமாச்சாரம். கேஸ்கெட் மலிவான பொருள், மாற்றுவதும் கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மதியப் பொழுது வேலை. ரிங்கா, கேஸ்கெட்டா என்பதை, சிலிண்டருக்குள் காற்றை அடைத்து அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் காட்டிக் கொடுத்துவிடும். புது இன்ஜின் பற்றிப் பேசும் மெக்கானிக்கிடம் அந்த டெஸ்ட்டைச் செய்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் குறிக்கு மேலே இருந்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஒரு நாள் கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஊசி வால்வை மாற்றி, ஆயிலையும் மாற்றினால் புகையும் பெரும்பாலும் நின்றுவிடும்.

டெக்கில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஓரத்திலோ, வெட்டிய புல் வெளியேறும் வாய்ப்பக்கமோ என்றால் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம். பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டில் உட்காரும் இடத்தில் இரும்பு மெலிந்திருந்தால் ஒட்டுப் போட்டு ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அங்கே பிடிமானம் விட்டால் பிளேடு வெளியே வரும். எந்த ஓட்டையாக இருந்தாலும் அடைக்கும் வரை வெட்டாதீர்கள், ஒரு சிறு கல் அதன் வழியாகத் தெறித்தால் போதும். அடியில் கை விடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் போகவும் கூடாது, முட்டுக்கட்டை வேண்டும்.

உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போவது சரிவில் ஏறாத பிரச்சினைதான். குளிர்ந்திருக்கும்போது ஏறுகிறது, சூடானதும் மறுக்கிறது என்பது ஹைட்ரோஸ்டேடிக் டிரான்ஸ்மிஷனின் குணம். கியர் இல்லாமல், பெடலை அழுத்தினால் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது அது. உள்ளே இருக்கும் பம்ப்பும் மோட்டாரும் தேய்ந்திருந்தால், சூட்டில் ஆயில் இளகியதும் இடைவெளி வழியாக அழுத்தம் கசிந்துவிடும். வீட்டு உபயோக டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது சமதளத்துக்காகச் செய்த சின்ன டிரான்ஸ்மிஷன். டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 மாடல் அந்த ரகம்தான். சரிவில் தொடர்ந்து ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும்.

ஆனால் அதன் மேல் பழி போடுவதற்கு முன் செலவில்லாத சில இடங்களைப் பாருங்கள். டிரைவ் பெல்ட் தேய்ந்து பளபளத்திருக்கிறதா, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? வண்டியைத் தள்ளி நகர்த்துவதற்காகப் பின்பக்கம் ஒரு பைபாஸ் கம்பி இருக்கும், அது முழுசாக உள்ளே போயிருக்கிறதா? பாதியில் நின்றால் சக்தி பாதிதான் வரும். டிரான்ஸ்மிஷன் மேலே இருக்கும் சின்ன விசிறியின் இறக்கைகள் உடைந்திருக்கின்றனவா? காய்ந்த புல் அடைந்து போர்வை போட்டது போல் மூடியிருந்தாலே அது சூடாகிவிடும். சுத்தம் செய்து, பெல்ட் மாற்றி, மறுபடி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறமும் ஏறவில்லை என்றால் ஆயில் மாற்றுவது கடைசி முயற்சி. பல டிரான்ஸ்மிஷன்களில் ஆயில் வடிக்க வழியே வைத்திருக்க மாட்டார்கள், கழற்றி இறக்கித்தான் மாற்ற வேண்டும். கொஞ்சம் பலன் கிடைக்கும், ஆனால் தேய்ந்த உலோகம் திரும்ப வளராது. கழற்றும் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டியிருந்தால் நான் அதற்குப் பரிந்துரை செய்ய மாட்டேன். புது டிரான்ஸ்மிஷன் விலையைக் கேட்டால் ஓடுகிற நிலையில் உள்ள பழைய டிராக்டர் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கடைக்காரர் சொன்னது சரி, இதில் காசு போட வேண்டாம்.

ஒரு நிமிடம், அந்தச் சரிவைப் பற்றியும் யோசித்துவிடலாம். அங்கே புல்தான் இருக்க வேண்டுமா? வெட்டவே தேவையில்லாத, தரையோடு படரும் செடிகளை அங்கே வைத்தால் மண்ணும் பிடித்து நிற்கும், வெட்டும் வேலையும் இல்லை. டிராக்டரைச் சோதிப்பதே அந்தச் சரிவுதான். அதை எடுத்துவிட்டால், சமதளத்தில் மட்டும் உங்கள் பழைய வண்டி, புகைப் பிரச்சினை சின்னதாக இருந்தால், இன்னும் சில வருஷம் ஓடலாம். செடிகளுக்கு ஆகும் செலவு எந்த டிராக்டரை விடவும் குறைவு. சரிவில் வண்டி ஓட்டுவது ஆபத்தான வேலையும் கூட. பெரும்பாலான மானுவல்களில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று போட்டிருக்கும், குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லியிருக்கும். முதுகு வலியோடு உங்கள் கணவர் அந்தச் சரிவில் உட்கார்ந்து போவதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன்.

சரி, சரிவை விட முடியாது, டிரான்ஸ்மிஷனும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிது ஏன் வேண்டாம்? உங்கள் கைக்கு எட்டும் தவணையில் கிடைப்பது வரிசையிலேயே மலிவான மாடல். அதில் இருப்பதும் பெரும்பாலும் அதே ரக டிரான்ஸ்மிஷன், அதே மெல்லிய தகட்டு டெக். புதிதாக இருப்பதால் சில வருஷம் ஏறும், பிறகு தவணை முடிவதற்கு முன்பே இதே கடிதத்தை நீங்கள் எழுத வேண்டியிருக்கும். வட்டியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு ஒரு படி மேலான வண்டியே செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்டுக்குக் கிளம்பும் முன் பணத்தைப் பிரித்து வையுங்கள். பத்துப் பங்கில் ஏழு பங்கு வண்டிக்கு. மீதி மூன்றைத் தொடவே கூடாது. பேட்டரி, பெல்ட், பிளேடு, ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் முதல் மாதத்திலேயே கேட்கும். முழுப் பணத்தையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டு, பெல்ட் வாங்கக் காசில்லாமல் வண்டியை ஷெட்டில் நிறுத்துபவர்கள் நிறையப் பேர். புல் வளரும் காலம் முடியும்போது தேடுங்கள். அப்போது வாங்க ஆள் குறைவு, விற்பவருக்கு இடம் காலியானால் போதும் என்றிருக்கும்.

வயது அதிகமானாலும் கனமான வண்டியைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு முன் ஆக்சில், ஆயில் ஃபில்டரும் பம்ப்பும் உள்ள இரட்டை சிலிண்டர் இன்ஜின், தடித்த டெக் இருந்தால் நல்லது. உங்கள் இடத்துக்கு 42 அங்குல அகல டெக் தாராளம். வளைவு, திருப்பம் எல்லாம் சேர்த்தும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெட்டி முடித்துவிடலாம், 48 அங்குலத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். கையால் மாற்றும் கியர் வண்டி கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். பெடல் சொகுசு இல்லைதான், ஆனால் சூட்டில் சக்தி குறையும் தொல்லை அதில் கிடையாது. நின்ற இடத்திலேயே சுழலும் ஜீரோ டர்ன் வண்டி உங்கள் சரிவுக்கு வேண்டவே வேண்டாம், ஈரப் புல்லில் சறுக்கினால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். பேட்டரியில் ஓடும் பழைய வண்டி மலிவாக வந்தால் முதலில் புது பேட்டரி என்ன விலை என்று விசாரியுங்கள். மலிவுக்குக் காரணம் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

பார்க்கப் போவதற்கு முன், சீட்டுக்கு அடியில் இருக்கும் மாடல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்குப் பெல்ட்டும் ஸ்பிண்டிலும் கிடைக்கின்றனவா என்று பாகக் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கலாம்.

அதன் பிறகு அவசரப்படாதீர்கள். இருபது நிமிடமாவது புல் வெட்டிக்கொண்டே ஓட்டுங்கள், சூடான பிறகு ஏதாவது ஒரு மேட்டில் முன்னாலும் பின்னாலும் ஏற்றுங்கள். இப்போது உங்களைப் படுத்தும் நோய் அதற்கும் இருக்கிறதா என்பது அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். "ஒரு சுற்று போதும்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள். பிளேடு சுழலும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள், இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாதுகாப்பு சுவிட்சை யாரோ ஒயர் போட்டு முடக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தவர் வேறு எதையெல்லாம் ஒப்பேற்றியிருப்பார் என்று சந்தேகப்படுவது நியாயம். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிய பிறகு, டெக்கின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தால் அதன் அடியில் துரு இருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பார்க்கலாம். பிளேடு நுனியைக் கையுறை போட்டுப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கிறது. மாற்றக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். சீட் கிழிசல், பானட் கீறல், வெளிறிய நிறம் இவற்றையெல்லாம் பொருட்படுத்தாதீர்கள். பார்க்க அழகில்லாத வண்டிகள்தான் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் நல்ல வண்டிகள்.

வேறு வண்டி வாங்கினாலும் பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரே தொழிற்சாலை வேறு வேறு பெயர்களிலும் நிறங்களிலும் வண்டி விற்பது இந்தத் தொழிலில் சகஜம். எம்டிடி நிறுவனம் டிராய் பில்ட், கப் கேடட், யார்ட் மெஷின்ஸ் என்று பல பெயர்களில் செய்தது. அதனால் உங்கள் பழைய வண்டியின் சக்கரமோ, ஸ்டார்ட்டரோ, ஸ்டீயரிங் பாகமோ புதிதாக வரும் வண்டிக்குப் பொருந்தலாம். பொருந்தாவிட்டால், இன்ஜின் நன்றாக இருந்து டிரான்ஸ்மிஷன் மட்டும் போன வண்டியைப் பாகங்களுக்காகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று உள்ளபடி சொல்லி விற்றால் புது பேட்டரிக்காவது காசு தேறும். விற்பதற்கு முன் டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இப்போதைக்கு இந்த வாரம் டிப் ஸ்டிக், பெல்ட், பைபாஸ் கம்பி மூன்றையும் பாருங்கள். பார்த்துவிட்டு மாடல் எண்ணோடு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.