மார்க் ட்வைன் சுயசரிதை: எங்கே நுழைவது?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் சுயசரிதையின் முதல் தொகுதியில் பாதியைக்கூடத் தாண்ட முடியவில்லை. பிள்ளைப் பருவத்தில் தொடங்கும் என்று பார்த்தால் எங்கெங்கோ தாவுகிறது. எப்படித்தான் படிப்பது?

பதில்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பு (2010, 2013, 2015 என மூன்று தொகுதிகள்) ஆய்வாளர்களையும் மனதில் வைத்துப் போட்டது. முதல் தொகுதியைத் திறந்தால் நீண்ட முன்னுரை. அடுத்து, 1870 தொடங்கி அவர் எழுதிப் பார்த்துக் கைவிட்ட அரைகுறை முயற்சிகள். பலரும் இங்கேதான் புத்தகத்தை மூடுகிறார்கள். இரண்டையும் தள்ளிவிட்டு, 1906 ஜனவரி தேதியிட்ட பகுதிக்குப் போய்விடுங்கள். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்ட அசல் சுயசரிதை அங்குதான் ஆரம்பம்.

தாவுவது அவரே வகுத்துக்கொண்ட விதி: அன்றைக்கு எது பிடிக்கிறதோ அதைப் பேசுவது, சுவை குறைந்ததும் விட்டுவிடுவது. காலைச் செய்தித்தாளும் ஐம்பது வருடப் பழைய நினைவும் அடுத்தடுத்து வரும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தேதி, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே மூச்சில் படித்தால் பெயர்க் குழப்பம்தான் மிச்சம். பின்னால் உள்ள குறிப்புகளை, அந்தத் தேதியை முடித்த பிறகு பாருங்கள். நடுவில் புரட்டினால் நையாண்டி ஆறிப்போகும்.

1906 பிப்ரவரிப் பகுதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். மகள் சூசி 13 வயதில் அப்பாவைப் பற்றி எழுதிய வரலாற்றை, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் எடுத்துப்போட்டு அதற்குப் பதில் பேசுகிறார். சூசி 24 வயதில், 1896இல் இறந்துவிட்டாள்.

கேள்வி: அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பதில்: தேதி, தொகை, யார் என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் நம்பாதீர்கள். 1877 டிசம்பரில் பாஸ்டனில் கவிஞர் விட்டியரின் 70ஆவது பிறந்தநாள் விருந்து. அன்றைய பெரும் எழுத்தாளர்களான எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் மூவரும் எதிரே உட்கார்ந்திருக்க, அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரியும் மூன்று நாடோடிகளின் கதையைப் பேசினார் ட்வைன். கூட்டம் உறைந்துபோனதாகச் சுயசரிதையில் சொல்கிறார். அன்றைய பாஸ்டன் பத்திரிகைகளிலோ சிரிப்பொலி பதிவாகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 28 ஆண்டு கழித்து அந்த உரையை வரவழைத்துப் படித்துவிட்டு, இதில் ஒரு குறையுமில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறார். தன்னைக் குறைத்துச் சொல்வதிலும் மிகைதான். எனவே சம்பவத்துக்குக் குறிப்புகள், மனநிலைக்கு ட்வைன்.

கேள்வி: தான் இறந்து நூறு ஆண்டுக்கு வெளியிடக் கூடாது என்று எழுதிவைத்தாராமே?

பதில்: சொன்னார், ஆனால் 1906-07இல் சில பகுதிகளைத் தாமே 25 தவணைகளாகப் பத்திரிகையில் வெளியிட்டார்! 1924, 1940, 1959 ஆண்டுகளிலும் தேர்ந்தெடுத்த பதிப்புகள் வந்தன. கால வரிசையில்தான் வேண்டும் என்றால் சார்ல்ஸ் நைடர் அடுக்கித் தந்த 1959 பதிப்பை எடுக்கலாம். ஆனால் அது ஆசிரியர் வேண்டாமென்ற வரிசை, நிறைய வெட்டும் உண்டு. வாங்குமுன் புரட்டிப் பார்க்க, மூன்று தொகுதிகளின் மூலப் பாடமும் மார்க் ட்வைன் ப்ராஜெக்ட் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது.