மேடையில் என் பேஸ் கிட்டார் எனக்கே கேட்பதில்லை. ஸ்பீக்கர் பெட்டியை எங்கே வைப்பது?

கிருஷ்ணகிரி பக்கத் திருவிழா மேடைகளில் இடம் குறைவு. பெட்டி தரையில் இருக்கும், நீங்கள் அதை ஒட்டியே நிற்பீர்கள். சிக்கலே அங்கேதான். எந்த ஸ்வரம் என்று காட்டிக்கொடுக்கும் நடு, மேல் அதிர்வெண்கள் பெட்டிக்கு நேராகத்தான் பாயும். உங்கள் முழங்காலுக்குக் கச்சேரி நடக்கும், காதுக்கு வராது. ஆடாத பெஞ்சில் ஏற்றுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் கட்டை கொடுத்து, முகம் பார்க்கச் சாய்த்து வையுங்கள்.

அடிச்சத்தம், அதாவது கீழ் அதிர்வெண்கள், வேறு மாதிரி. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ (E) தந்தி 41 ஹெர்ட்ஸ், அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். அது எல்லாப் பக்கமும் பரவும். மூலையில் வைத்தால் கும்மென்று பெருகும், பலகை மேடையும் சேர்ந்து அதிரும். வால்யூமைத் தொடும் முன் பேஸ் (அடிச்சத்தம்) குமிழைக் குறைத்து, மிட் (நடு அதிர்வெண்) குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். டிரம்ஸ்காரரும் வாழ்த்துவார். பெஞ்சுக்கு மட்டும் பந்தல்காரரிடம் மதியமே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் கேட்டால் கிடைக்காது.