விசாரணை மேசையிலிருந்து பணிக்கொடை வரை: வாசகர் கேள்வி-பதில்

என் மகளை ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில் ஒப்பந்த அடிப்படையில் வரவேற்பாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து மேலே வர முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

இந்த வங்கிகளில் வரவேற்பாளர் என்று தனிப் பதவி பெரும்பாலும் இருக்காது. உதவியாளர் ஒருவரைத்தான் விசாரணை மேசையில் உட்கார வைப்பார்கள். அதனால் நியமன ஆணையில் பதவியின் பெயர் என்ன, ஆணையைக் கொடுப்பது வங்கியா ஆள் வழங்கும் நிறுவனமா என்று முதலில் பாருங்கள். நிறுவனம் என்றால் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் அது வங்கியின் பணிமூப்புப் பட்டியலில் ஏறாது. நிரந்தர உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தேர்வு வைக்கும். பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியை இப்போதே முடித்து வைக்கட்டும். அறிவிப்பு வந்த பிறகு சேர்ந்தால் சான்று கைக்கு வருவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும்.

சமீபத்தில் என்னை விசாரணை மேசைக்கு மாற்றினார்கள். காலை பதினொரு மணிக்கெல்லாம் கூட்டம் முட்டுகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?
– வங்கி ஊழியர், திண்டுக்கல்

வருகிறவரை "மூணாம் கவுண்டருக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால் பாதிப் பேர் திரும்ப உங்களிடமே வருவார்கள். அனுப்புவதற்கு முன்னால் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சலானில் கணக்கு எண், தேதி, எழுத்திலும் எண்ணிலும் தொகை, கையெழுத்து எல்லாம் சரிதானா? காசோலையின் தேதி மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால் செல்லாது. தொகையிலோ பெயரிலோ அடித்தல் திருத்தல் இருந்தால், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்க்கும் தீர்வகத்தில் திரும்பிவிடும். புதுக் காசோலை வாங்கி வரச் சொல்லுங்கள். பாஸ்புக் பதிய வருகிறவர்களுக்கு வரிசையைத் தனியாகப் பிரித்தாலே கூட்டம் குறையும்.

அதிக நேரம் பிடிப்பது இறந்தவர் கணக்கு. துக்கத்தோடு வருகிறவரை நாலு முறை அலைய விடக் கூடாது. நாமினி இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று போதும். வாரிசுச் சான்று கேட்கக் கூடாது. நாமினி இல்லை, தொகையும் 5 லட்சத்துக்குள் என்றால் கூட்டுறவு வங்கிகள் எளிய நடைமுறையில் முடிக்க வேண்டும். மற்ற வங்கிகளுக்கு இந்த வரம்பு 15 லட்சம். எல்லா ஆவணமும் வந்த நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. ஆகவே வாங்கிய காகிதங்களுக்குத் தேதி போட்டு ஒப்புகை கொடுங்கள். பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் அந்தத் தேதியில்தான். பணம் நாமினி கைக்குப் போனாலும் அதில் வாரிசுகளின் உரிமை போய்விடாது. இதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கைத் திரும்ப இயக்க கே.ஒய்.சி. (அடையாள, முகவரி விவரங்கள்) புதுப்பித்தால் போதும், கட்டணம் கிடையாது. பத்து வருஷம் தாண்டிய பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் உங்கள் வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். எங்கோ ஒரு கூட்டுறவு வங்கி முடங்கியதாகச் செய்தி வந்தால், மறுநாள் எல்லோரும் கேட்பது "என் பணம் பத்திரமா?" என்பதைத்தான். மழுப்ப வேண்டாம்: ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து, ஒருவருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.

தெரிந்தவர் என்பதற்காக வெற்றுப் பணமெடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது, பாஸ்புக்கை மேசை இழுப்பறையில் போட்டு வைப்பது, போனில் இருப்பைச் சொல்வது எல்லாம் கூடவே கூடாது. நாள்பட்ட ஊழியர்கள் மாட்டிக்கொள்வது இந்த நல்ல மனசால்தான்.

1999 செப்டம்பரில் சேர்ந்தேன். வேலைக் காலத்தில் முக்கால்வாசி விசாரணை மேசையில்தான். 2026 ஆகஸ்டில் 58 முடிகிறது. 2028-ல் 60 வயதில் ஓய்வு. என்ன கிடைக்கும்?
– வாசகி, விருதுநகர்

பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்குங்கள். அந்தக் கூட்டுத்தொகை 42,000 ரூபாய், பணி 29 வருஷம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 7,02,692 ரூபாய். சட்டப்படி உச்சவரம்பு 20 லட்சம். நிரந்தரமாவதற்கு முன் அதே வங்கியில் தற்காலிகமாக, விடாமல் வேலை பார்த்த வருஷங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏமாற்றம் தருவது பி.எஃப். பென்ஷன்தான். சம்பளம் எவ்வளவு ஏறினாலும், வழக்கமான முறையில் 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய், அதன்பின் 15,000 ரூபாய் என்ற வரம்புக்குள்தான் கணக்கு. வரம்புச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். உங்களுக்கு 2014 ஆகஸ்ட் வரை 15 வருஷத்துக்கு 6,500 × 15 ÷ 70 = 1,393; அதன்பின் 58 முடியும் வரை 12 வருஷத்துக்கு 15,000 × 12 ÷ 70 = 2,571. ஆக மொத்தம் 3,964 ரூபாய். இருபது வருஷத்துக்கு மேல் பணி இருப்பதால் கூடுதலாக 2 வருஷம் சேர்ப்பார்கள். அதில் ஏறுவது சில நூறு ரூபாய்.

58-க்குப் பிறகு வேலையில் இருந்துகொண்டே 10டி படிவம் கொடுத்துப் பென்ஷன் வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். தள்ளிப்போடும்போது பென்ஷன் நிதிக்குப் பங்களிப்பைத் தொடர விருப்பம் கொடுத்திருந்தால் தவிர, 58 முடிந்ததும் வங்கி தன் பங்கு முழுவதையும் பி.எஃப்.-இல்தான் கட்ட வேண்டும். கணக்குப் பிரிவு கவனிக்காமல் பழையபடி 8.33 சதவீதத்தைப் பென்ஷன் நிதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அதைத் திருத்தும் வரை உங்கள் விண்ணப்பம் தேங்கும். 58 முடிந்த அடுத்த மாதமே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதை இன்றே பார்க்கலாம்.

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. நிதி இல்லை என்று பணிக்கொடையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
– வாசகர், சேலம்

நிதி இல்லை என்பது சட்டத்தில் காரணமே ஆகாது. 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும். தாமதத்துக்குத் தனிவட்டியும் உண்டு. எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பணி ஆணை, ஓய்வு ஆணை, கடைசிச் சம்பளச் சீட்டு, அனுப்பிய தபாலின் ரசீது, நான்கும் கையில் இருக்கட்டும்.