அந்தப் பெண்ணிடம் யார் கேட்டீர்கள்?

கேள்வி: நாலு வாரமாக உங்கள் இதழில் திருநங்கைகள், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் என்று வாழ்க்கைக் கதைகளாகப் போடுகிறீர்கள். எல்லாவற்றிலும் பெற்றவர்கள்தான் குற்றவாளி. எங்கள் வேதனை உங்களுக்குத் தெரியுமா? என் மகனுக்கு 27 வயது. பெண் பார்த்து, பூ வைத்து, தை மாதம் திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. போன மாதம் ஒரு ராத்திரி வந்து, "எனக்கு ஆம்பளைங்க மேலதான் நாட்டம்மா, தெரிஞ்சே ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்க என்னால முடியாது" என்கிறான். அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். அவன் அப்பாவுக்குத் தெரியாது. கல்யாணம் நின்றால் மருந்தைக் குடித்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறாள் என் அக்கா. சிகிச்சையில் மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். சேலை கட்டிக்கொண்டு கூத்தாண்டவர் கோயிலுக்குப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். மேல்நாட்டுப் பழக்கத்தை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறீர்களே, இது நியாயமா?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் மகன், அவன் அப்பா, உங்கள் அக்கா, டாக்டர், கடைசியில் நான்கூட இருக்கிறேன். நீங்கள் போய்ப் பூ வைத்துவிட்டு வந்த அந்தப் பெண்ணைப் பற்றி நீங்களாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளுக்கு என்ன வயது, என்ன படித்திருக்கிறாள், இப்போது யாரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் அவளைப் பற்றி யோசித்த ஒரே ஆள் உங்கள் மகன்தான். அவனோடுதான் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பாகூரில் எனக்கு ஒரு சித்தி இருந்தாள். 1974-இல் கல்யாணம், அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சித்தப்பா மில்லில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவளிடம் கொடுப்பார். ஆனால் முதல் வருஷத்துக்கு அப்புறம் அவர் படுக்கை திண்ணைக்குப் போய்விட்டது. குழந்தை இல்லை. ஊர் யாரைப் பேசியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைகாப்பு நடக்கிற வீடுகளுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பின்கட்டில் பாத்திரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அரசமரம் சுற்றினாள், விரதம் இருந்தாள், யார் யாரோ சொன்ன கஷாயத்தையெல்லாம் குடித்தாள். தன்னிடம்தான் குறை என்று பல வருஷம் அவளே நம்பினாள்.

2009-இல் சித்தப்பா இறந்தபோது தெருமுனையில் ஒரு வயதான மனிதர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் சித்தியே எழுந்து போய், அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, வாய்க்கரிசி போடச் சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்று 377-ஆவது பிரிவு பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தபோது, அது என்ன வழக்கு என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க சித்தப்பாவையும் அவரையும் அப்பவே சேர்ந்து இருக்க விட்டிருந்தா, எனக்கும் ஒரு வாழ்க்கை கிடைச்சிருக்கும் தம்பி" என்றாள். சித்தப்பா மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 35 வருஷத்தில் அவரை யாராவது ஒருநாள் "உனக்கு என்னடா வேணும்" என்று கேட்டிருக்கலாமே என்பதுதான் அவள் வருத்தம்.

உங்கள் அக்கா சொல்கிற கால்கட்டு இதுதான் அம்மா. அதைக் கட்டினால் மூன்று பேர் வாழ்க்கை முடங்குகிறது. உங்கள் மகன் தாலிக்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டான். என் சித்தப்பாவால் முடியாததை அவன் செய்திருக்கிறான், அதற்கு அவனைத் தண்டிக்கிறீர்கள்.

டாக்டர் விஷயம். தன்பாலீர்ப்பு ஒரு நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிச் சிகிச்சை தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவு போட்டது. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர் செய்யும் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே உங்களிடம் மாற்றிவிடலாம் என்றவர் செய்யக் கூடாததைச் செய்யப் பார்க்கிறார். அவரிடம் மகனைக் கூட்டிப் போகாதீர்கள்.

அந்த 2021 வழக்கில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை, தனக்குள்ளும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் தேவைப்படும். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள், அழவேண்டும் என்றால் அழுங்கள், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தை மாதம் அதற்காகக் காத்திருக்காது.

மேல்நாட்டுப் பழக்கம் என்கிறீர்கள். 377-ஐ வெள்ளைக்காரன் 1860-இல் எழுதினான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் அந்தச் சட்டம் கிடையாது. அதாவது எல்லையில் இருக்கிற முள்ளோடைக்குத் தெற்கே கடலூரில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். வடக்கே இருபது கிலோமீட்டர் வந்தால் அப்படி ஒரு பிரிவே இல்லை. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் அது இங்கே வந்தது. மேல்நாட்டிலிருந்து வந்தது அந்தத் தண்டனை அம்மா, மனிதர்கள் இங்கேயே இருந்தவர்கள். கூவாகம் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் மாவட்டத்திலேயே கொத்தட்டையில், இங்கே பிள்ளையார்குப்பத்தில் கூத்தாண்டவருக்குத் திருவிழா நடக்கிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். திருநங்கைகள் தாலி அறுத்து அழும்போது நம் கண்ணும் கலங்குகிறது. அதே பிள்ளை நம் வீட்டில் பிறந்தால் மட்டும் கதவைச் சாத்துகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறீர்கள். ஆணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்கிறவர் திருநங்கை. உங்கள் மகன் தன்னை ஆண் என்றே உணர்கிறான், அவன் மனசு ஆண்கள் பக்கம் போகிறது. இது வேறு, அது வேறு. அவன் திருநங்கையாக இருந்திருந்தாலும் நான் உங்களுக்கு எழுதுகிற பதில் மாறியிருக்காது.

பெற்றவர்களைக் குற்றவாளியாக்குகிறோம் என்ற புகாருக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் வந்த பண்ருட்டிப் பக்கத்துத் திருநங்கையின் கதையை நீங்கள் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அவள் அப்பா தலைமழித்துக் கருமாதி செய்தார், ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தார். பம்பாயில் கடை கடையாகக் கை நீட்டிச் சேர்த்து அனுப்பிய பணத்தைத் தம்பி கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு, பத்திரிகை மட்டும் அனுப்பாமல் விட்டார்கள். இதெல்லாம் முதல் பாதி. அடுத்த பாதி முழுக்க அவள் அம்மா. பதினோரு வருஷம் கழித்து ஒரு பை முறுக்கோடு பஸ் ஏறி, விலாசம் கேட்டுக் கேட்டு, திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று பழைய பெயரைக் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல், "பாப்பா" என்று கூப்பிட்ட அம்மா. அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய அன்று அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மா என்னிடம் சொன்னதெல்லாம், பதினோரு வருஷத்தை வீணாக்கிவிட்டேன் என்பதுதான். நீங்கள் இப்போதுதான் முதல் மாதத்தில் இருக்கிறீர்கள்.

மருந்தைக் குடிப்பேன் என்று சொன்னீர்களே, அதை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்ன வீட்டில்தான் அவன் ராத்திரி தனியாகப் படுத்திருக்கிறான். அதே வார்த்தை அவன் மனதில் ஓடாது என்று எப்படித் தெரியும் உங்களுக்கு? போய் அவனிடம் சொல்லுங்கள், கோபத்தில் சொல்லிவிட்டேன், நான் குடிக்க மாட்டேன், நீயும் எதுவும் செய்துகொள்ளக் கூடாது என்று. உண்மையிலேயே உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால், தனியாக இருக்காமல் உங்கள் அக்காவையாவது கூட வைத்துக்கொண்டு உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த முறை மகனுக்காக இல்லை, உங்களுக்காக.

அப்புறம் கல்யாணம். நிறுத்துங்கள். பெண் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள், போனில் சொல்லாதீர்கள். பையனுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை, அவனைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்தது தப்பு, உங்கள் பெண் மேல் எந்தக் குறையும் இல்லை, இதை உங்கள் சொந்தக்காரர்கள் யார் முன்னால் வேண்டுமானாலும் வந்து சொல்கிறோம் என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நின்றுபோன கல்யாணத்தின் பழி எப்போதும் பெண் தலையில்தான் விழும். அவர்கள் செலவு செய்திருந்தால் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். மண்டப முன்பணம் போனால் போகட்டும். மகனின் விஷயத்தை அங்கே சொல்ல வேண்டியதில்லை, அக்காவிடமும் இனிமேல் அதைப் பேச வேண்டாம். அதை யாரிடம் எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. அவன் அப்பாவிடம் சொல்வதுகூட அவனைக் கேட்டுத்தான்.

இவ்வளவு கோபத்திலும் தட்டில் சோறு போட்டு வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இன்றைக்கு ராத்திரி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், குழம்பு வேண்டுமா என்று கேளுங்கள்.