வயதான அம்மா நடக்கும்போது தடுமாறுகிறார். வீட்டிலேயே செய்ய எளிய பயிற்சி உண்டா?

அம்மாவுக்கு 72 வயது, தினமும் நடக்கிறார், ஆனாலும் சட்டென்று திரும்பினால் தடுமாறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நடையை விட வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது. கொஞ்சம் ஆட்டம் காணும் நிலையில் நின்று பழகினால்தான் காலுக்குப் பிடிமானம் வரும். என் மாமியாருக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

நிற்க நல்ல இடம் சமையல் மேடை. பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யவே வேண்டாம், அது ஆளோடு சேர்ந்து சாயும். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், புடவையைக் கணுக்கால் தெரியும்படி தூக்கிச் செருகிக்கொள்ளட்டும்.

முதலில் இரு பாதமும் ஒட்டி நிற்க வேண்டும். அடுத்து ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே நகர்த்தி, அதன் உட்பக்கம் மற்றதன் கட்டைவிரலைத் தொடும்படி. அப்புறம் ஒரே கோட்டில், முன்கால் குதிகால் பின்கால் விரல்நுனியில் இடிக்கும்படி. கடைசியாக ஒற்றைக்கால். ஒவ்வொன்றிலும் 10 விநாடி, காலை மாற்றியும் செய்ய வேண்டும். ஒன்று சுலபமான பிறகே அடுத்தது. மூன்றாவது நிலையில் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

கைதான் இதில் சூட்சுமம். முதலில் இரு உள்ளங்கையும் மேடைமேல். பிறகு ஒரு கை, பிறகு விரல்நுனி. மாமியார் நிற்கும்போது பாதத்தைப் பார்ப்பேன்: விரல்கள் தரையைக் கவ்வும், கணுக்கால் இடமும் வலமும் துடிக்கும். அந்தத் துடிப்பு நல்லது, கால் வேலை செய்கிறது என்று அர்த்தம். விரல் வெளுக்குமளவுக்கு மேடையை அழுத்தினால் பாரமெல்லாம் கைக்குப் போய்விட்டது, முந்தைய நிலைக்குத் திரும்பிவிடுங்கள்.

கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது இரண்டையும் பத்துப் பத்து முறை சேர்த்துக்கொள்ளலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இப்படிச் சமநிலையும் வலுவும் தரும் பயிற்சி வாரம் 3 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆரம்பத்தில் பக்கத்தில் கட்டாயம் ஒரு ஆள் நிற்கட்டும். கண்ணை மூடிச் செய்யச் சொல்லாதீர்கள். எழுந்ததும் தலைசுற்றல், சுகரால் பாதம் மரத்துப்போவது, சமீபத்தில் விழுந்தது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பிபி மாத்திரையாலும் தூக்க மாத்திரையாலும் தடுமாற்றம் வரலாம்.