கையில் ஒரு பேசி, உலகெங்கும் பல பெயர்கள்

கைபேசிக்கு உலக மொழிகளில் வழங்கும் பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, குமரி மாவட்ட வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மாணவர்கள் ஒரே கட்டுரையில் கைபேசி, அலைபேசி, செல்பேசி என மூன்றையும் எழுதுகிறார்கள். தொலைபேசிக்கு ஒரே சொல்லை நிலைநிறுத்த முடிந்த நம்மால் இதற்கு மட்டும் ஏன் முடியவில்லை? மற்ற மொழிக்காரர்கள் ஒரே பெயரில் உறுதியாக நிற்கிறார்களா?
- பள்ளி ஆசிரியை, தக்கலை

பதில்: நிற்கவில்லை. சொல் விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள் என்று பெயர் பெற்ற பிரெஞ்சு மொழிக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் அதை 'போர்த்தாப்ல்' என்கிறார்கள்; எடுத்துச் செல்லத்தக்கது என்று பொருள். அதே மொழியைப் பேசும் கனடாவின் கியூபெக்கில் அது 'செல்யுலேர்'. பெல்ஜியத்தில் 'ஜிஎஸ்எம்', அதாவது 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் முதல் அழைப்பைக் கண்ட தொழில்நுட்பத் தரத்தின் பெயர்ச் சுருக்கமே அங்கே கருவியின் பெயராகிவிட்டது. சுவிட்சர்லாந்துக்குப் போனால் 'நாடெல்'. 'தேசிய வாகனத் தொலைபேசி' என்னும் ஜெர்மன் தொடரைச் சுருக்கி, 1970களில் கார்களில் பொருத்தப்பட்ட தொலைபேசிச் சேவைக்கு இட்ட பெயர் அது. பிற்காலத்தில் கருவி காரை விட்டு இறங்கிச் சட்டைப்பைக்குள் வந்த பிறகும் மக்கள் அதே பெயரைத்தான் சொன்னார்கள்.

ஸ்பானிய மொழியில் ஸ்பெயின் நாட்டுக்காரர் 'மோவில்' என்பதை மெக்சிகோக்காரர் 'செலுலார்' என்கிறார். போர்ச்சுகீசிய மொழியில் லிஸ்பனில் 'தெலெமோவெல்', பிரேசிலில் 'செலுலார்'. ஆங்கிலமே பிரிட்டனில் மொபைல் என்றும் அமெரிக்காவில் செல் என்றும் இரண்டுபட்டு நிற்கிறது. தமிழ் நான்கு நாடுகளில் வாழும் மொழி என்பதையும் மறந்துவிடக் கூடாது. இலங்கையில் 'கையடக்கத் தொலைபேசி' என்றும், சிங்கப்பூரில் 'கைத்தொலைபேசி' என்றும் செய்தியில் வாசிக்கிறார்கள்.

தொலைபேசி நம் நாட்டில் பரவிய காலத்தில் அதைக் கொடுத்தது அரசுத் துறை ஒன்றுதான். கைபேசியின் கதை வேறு. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியதோடு இந்தியாவில் கைபேசிச் சேவை தொடங்கியது. அதன் பின் பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் கடைவிரித்தன, ஒவ்வொரு செய்தித்தாளும் தனக்குப் பிடித்த சொல்லை ஆண்டது. இத்தகைய சூழலில் பல பெயர்கள் எழுவது இயல்பே. ஆகவே இதைத் தமிழின் குறையாக மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு கட்டுரைக்குள் ஒரு சொல்லையே ஆள வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துங்கள்; அது நியாயமான கண்டிப்பு.

பெயர்களுக்குள் பொதுமை தேடினால் முதலில் கண்ணில் படுவது கைதான். சீன மொழியில் 'ஷோவ்ஜி' என்றால் கை இயந்திரம். தாய்லாந்தில் 'மூ தூ', கையில் பிடிப்பது. பின்லாந்தில் வழங்கும் 'கென்னிக்கா' கையைச் செல்லமாகக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. வங்காளத்தில் 'முட்டோஃபோன்', அதாவது கைப்பிடிக்குள் அடங்கும் போன். ஜெர்மானியர் 'ஹேண்டி' என்கிறார்கள். கேட்பதற்கு ஆங்கிலம்போல் ஒலிக்கும் இந்தச் சொல்லை ஆங்கிலேயர் எவரும் கைபேசிக்குப் பயன்படுத்துவதில்லை. நம்முடைய கைபேசி இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். 'செல்போன்' என்பதில் வரும் 'செல்' எது? டார்ச் விளக்கில் போடும் செல்லா, உடம்பில் இருக்கும் செல்லா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் இல்லை, உங்கள் தேன்பெட்டியில் இருக்கும் செல்தான். லத்தீனில் சிற்றறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'செல்' என்பதை, 1665இல் தக்கையின் சீவலை நுண்ணோக்கியில் பார்த்த ராபர்ட் ஹூக் அங்கே தெரிந்த சிறுசிறு அறைகளுக்கு இட்டார். உயிரியலுக்கு அது அவ்வாறு வந்தது. தொலைபேசிக்கு வந்த வழி வேறு.

வானொலி அலைவரிசைகள் அளவானவை. ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரத்தை நாட்டினால், ஒரு சமயத்தில் சிலர் மட்டுமே பேச முடியும். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் இதற்கு ஒரு மாற்றை எழுதி வைத்தார்: நிலப்பரப்பை அறுகோண அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் ஆற்றல் குறைந்த ஒரு கோபுரத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்தடுத்த அறைகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளையும், சற்றுத் தள்ளியிருக்கும் அறைக்கு மீண்டும் முதல் அலைவரிசையையும் ஒதுக்கலாம். குறைந்த அலைவரிசையில் எத்தனையோ பேர் பேசலாம். நீங்கள் தேன்பெட்டியின் சட்டத்தை உயர்த்திப் பார்க்கும்போது, ஒரு சுவரைப் பக்கத்து அறையுடன் பகிர்ந்துகொண்டு இடைவெளியே இல்லாமல் அடை முழுவதும் நிறைந்திருக்கும் அறுகோண அறைகள் தெரியுமல்லவா, வரைபடத்தில் அந்தத் திட்டமும் அப்படியேதான் இருக்கும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பேருந்தில் பேசிக்கொண்டே வரும்போது, ஒரு கோபுரம் உங்கள் அழைப்பை அடுத்த கோபுரத்திடம் கைமாற்றிக்கொண்டே வருகிறது. நீங்கள் அதை உணர்வதில்லை. களியக்காவிளையில் எல்லைக்கு இப்பால் நிற்கும்போதே கருவி கேரளக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வதும், முன்பு அதற்காக ரோமிங் கட்டணம் பிடித்ததும் இந்த அறைகள் மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை என்பதால்தான்.

இந்தத் தேனடைத் தொடர்பைச் சில மொழிகள் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. ரஷ்ய மொழியில் 'சோத்தவி' என்ற பெயர் தேனடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அரபு மொழியில் 'கலிய்யா' என்பது உயிரணுவையும் குறிக்கும், தேனீ வளர்க்கும் கூட்டையும் குறிக்கும். லெபனான் பகுதியில் கைபேசியை அதிலிருந்து பிறந்த சொல்லால் அழைக்கிறார்கள். போலந்துக்காரர்களின் 'கொமூர்க்கா' சாமான் போட்டு வைக்கும் சிற்றறைக்கும் பெயர்.

கேள்வி: கடல் தொழிலை விட்டுவிட்டு ஓமானில் வேலை பார்க்கிறேன். இங்கே 'நக்கால்' என்கிறார்கள். சவுதியில் இருக்கும் என் அண்ணன் 'ஜவ்வால்' என்கிறார். எது சரியான அரபு?
- வாசகர், குளச்சல்

பதில்: இரண்டும் சரியான அரபுதான், நாட்டுக்கு நாடு வழக்கு மாறுகிறது. 'ஜவ்வால்' என்றால் சுற்றித் திரிவது. 'நக்கால்' என்றால் இடம்விட்டு இடம் பெயர்வது அல்லது பெயர்ப்பது; ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோதல் என்னும் அதே வேரிலிருந்துதான், எழுத்தை ஒரு தாளிலிருந்து மறுதாளுக்குக் கொண்டுபோகும் 'நகல்' உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நீங்கள் ஓமானில் கேட்பதும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்பதும் உறவுச் சொற்கள். எகிப்தில் 'மஹ்மூல்', சுமக்கப்படுவது.

வளைகுடாவின் மறுகரையில் பாரசீகர்கள் 'ஹம்ராஹ்' என்கிறார்கள். 'ராஹ்' என்றால் வழி. ஒரே வழியில் உடன் வருபவர் என்பது பொருள். தமிழில் வழித்துணை என்று சொல்லலாம். நான் பார்த்த பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் மற்றவை எல்லாம் கருவியைப் பார்த்து இட்ட பெயர்கள், இது கருவியை வைத்திருப்பவரின் மனநிலையைப் பார்த்து இட்ட பெயர். துருக்கியில் 'ஜெப்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். சட்டைப்பை என்று பொருள். நம் 'ஜேப்படித் திருடன்' என்பதில் இருக்கும் ஜேப்புதான் அது.

கேள்வி: தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தந்தியைக் 'கம்பி' என்பார்கள். கம்பியே இல்லாத கருவி வந்த பிறகு, கம்பியைக் குறிக்கும் பழைய சொற்கள் உலகில் எங்காவது உயிரோடு இருக்கின்றனவா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்கின்றன; அதிலும் வியப்பான இரண்டு இடங்களில். ஐஸ்லாந்து மொழிக்காரர்கள் அயல்மொழிச் சொல்லை எளிதில் ஏற்காதவர்கள். புதிய கருவி வந்தால் பழைய இலக்கியத்தில் வழக்கொழிந்து கிடக்கும் சொல்லைத் தேடி எடுத்துப் புதுப்பொருள் ஏற்றுவது அவர்கள் வழக்கம். தொலைபேசி அறிமுகமானபோது, நூல் அல்லது இழை என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லைச் சற்றே மாற்றிச் 'சீமி' என்று பெயரிட்டார்கள். கம்பி வழியே பேச்சு போன காலத்தில் அது மிகப் பொருத்தமான பெயர். பிறகு கம்பியில்லாக் கருவி வந்தபோதும் அதைக் கைவிடாமல், பயணத்தைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்து 'ஃபார்சீமி' என்றார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், பயணம் போகும் இழை.

இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள். சுவாஹிலி மொழியில் தொலைபேசிக்கு 'சிமு' என்று பெயர். ஐஸ்லாந்தின் சீமிக்கும் இதற்கும் ஒலி இவ்வளவு நெருங்கியிருந்தாலும் உறவு எதுவும் இல்லை. இது பாரசீகத்தில் உலோகக் கம்பியைக் குறிக்கும் 'சீம்' என்ற சொல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு கரையேறி, முதலில் தந்திக்கும் பின்னர் தொலைபேசிக்கும் பெயரானது. கைபேசியை 'சிமு யா ம்கொனோனி' என்கிறார்கள், கையிலிருக்கும் சிமு. கருவிக்குள் போடும் சிம் அட்டைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. சிம் என்பது சந்தாதாரரை அடையாளம் காட்டும் பகுதிக்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் மட்டுமே.

உங்கள் பெரியவர்கள் சொன்ன கம்பியும் இதே இனம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்த குமரிப் பகுதியில், மலையாள வழக்கான கம்பியும் கம்பித்தபாலும் காதில் விழுந்தது இயல்பே. மற்றத் தமிழ்நாடு சொன்ன 'தந்தி' என்பதும் யாழிலும் வீணையிலும் இருக்கும் தந்திதான், அதுவும் கம்பிதான். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒரு நாளிதழின் பெயரில் அந்தச் சொல் தினமும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. துறையில் உங்களோடு பணியாற்றிய பெரியவர்களிடம் இத்தகைய தொழில்வழக்குச் சொற்கள் இன்னும் நிறைய இருக்கும். எழுதி அனுப்பினால் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்; இப்போது எழுதி வைக்காவிட்டால் பிறகு கேட்க ஆள் கிடைக்க மாட்டார்கள்.

கேள்வி: கைபேசியா, கைப்பேசியா? செல்பேசி தமிழா, ஆங்கிலமா? தங்கள் தேர்வு எது?
- தமிழ் இலக்கிய மாணவி, களியக்காவிளை

பதில்: கைப்பை, கைக்குட்டை, கைத்தடி என்று எழுதும் நாம் கைப்பேசி என்று எழுதுவதே இலக்கணப்படி பொருந்தும். கையில் உள்ள பேசி என்று விரியும்போது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகிறது, அங்கே வல்லினம் மிகும். ஆயினும் தொலைக்காட்சியில் ஒற்றை இட்டுவிட்டுத் தொலைபேசியில் விட்டுவிட்டவர்கள்தாம் நாம். தொலைபேசியின் பழக்கத்தால் கைபேசி என்று எழுதுவோரைப் பிழை செய்தவர்களாகக் கருத எனக்கு மனமில்லை. இந்தப் பகுதியிலும் அந்த வழக்கையே பின்பற்றியிருக்கிறேன்.

செல்பேசி இரண்டுமாகவும் இருக்கிறது. ஆங்கில 'செல்' என்று கொண்டால் மேலே சொன்ன தேனடை அறை. தமிழ் வினை என்று கொண்டால் செல்கின்ற பேசி, வினைத்தொகை. சிங்களத்தில் கைபேசியை 'ஜங்கம' தொலைபேசி என்கிறார்கள். அசையாத தாவரத்துக்கு எதிராக அசைந்து திரியும் சங்கமத்தைச் சொல்வோமே, அந்தச் சொல். அதன் பொருளைத் தமிழில் ஒரே அசையில் தருகிறது 'செல்'. இதையே 'செல்லிடப்பேசி' என்று விரித்துச் சொல்வதும் உண்டு. 'செல்லிடம்' குறளில் வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளில் உள்ள சொல்; ஆனால் அங்கே அது சினம் பலிக்கும் இடத்தைக் குறிக்கிறது, போகும் இடத்தை அன்று. அந்தப் பொருள் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு ஆளுவது இலக்கிய மாணவிக்கு அழகு.

என் தேர்வு அலைபேசி. காற்றில் வரும் அலையால் பேசுவது என்று கொண்டால் அலைக்கற்றை போல வல்லினம் மிகுந்து அலைப்பேசி என்றாக வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை, எழுதவும் வேண்டாம். அலைகடல் என்பதைப் போல, வல்லினம் மிகாத வினைத்தொகையாகக் கொண்டால் அலைகின்ற பேசி, அதாவது குளச்சல் வாசகரின் அண்ணன் சவுதியில் சொல்லும் ஜவ்வாலின் அதே பொருள். இலக்கணமும் வழக்கும் ஒத்துப்போகும் சொல் நம் கையில் இருக்கும்போது அதையே நான் எழுதுவேன்.